பச்சை விழுந்த எக்ஸ்ரே

திரையில் பூங்கொடியின் நெஞ்சு.

அவள் கணவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மனைவியின் காரியம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

விளக்கம்!

இங்கே எக்ஸ்ரேவை முதலில் கம்ப்யூட்டர்தான் பார்க்கும். சிவப்பு விழுந்தால் படம் டாக்டரிடம் போகும். பச்சை விழுந்தால் இருமல் மருந்தோடு ஆள் வீட்டுக்குப் போகலாம்.

பூங்கொடிக்குப் பச்சை விழுந்தது. அந்த வாரமே நிமோனியாவில் போய்விட்டாள்.

மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் ஏதோ அழுத்தினாள். கம்ப்யூட்டர் எங்கே பார்த்தது என்பது படத்தின் மேல் மஞ்சளாகத் தெரிந்தது.

நுரையீரலில் இல்லை. மூலையில்.

"அங்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணும் இல்லைங்க சார். அதனாலதான்..."

எழுந்திருக்க முடியாதவர்களிடம் எக்ஸ்ரே வண்டியைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வண்டி எடுக்கும் படத்தின் மூலையில் ஓர் எழுத்து விழும். கம்ப்யூட்டரைப் பழக்கக் காட்டிய படங்களில் நிமோனியாக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படிப் படுத்துக்கிடந்தவர்கள். எழுத்து இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம் என்று அது தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது.

கற்றுக்கொண்டதாம். நாசமாய்ப் போக.

பூங்கொடி நடந்து போனாள். சக்கர நாற்காலி கொண்டுவந்த ஆளை விரட்டிவிட்டு, மூச்சு வாங்க வாங்க, தன் காலிலேயே எக்ஸ்ரே அறைக்குப் போய் நின்றாள். அவள் படத்தில் எழுத்து விழவில்லை. பிடிவாதக்காரி.

"இப்பச் சரி பண்ணிட்டிருக்கோம் சார். அம்மாவோட படத்தையும் சேர்த்துக் கத்துக்குடுத்தா, இனிமே இப்படி ஆகாது. நீங்க சம்மதிச்சா..."

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சேத்துக்கோங்க."

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த எக்ஸ்ரே டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரைக்குக் கிட்டே வந்தார். வலது நுரையீரலின் அடியில், வெள்ளையாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

யோசிக்கவே இல்லை.

பூங்கொடியின் கணவர் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"இத அன்னைக்கு நீங்க பாக்கலீங்களா?"

டாக்டர் திரும்பாமலே சொன்னார்.

"பச்சை விழுந்த படம் எனக்கு வராதுங்க."