பிளக்குக்கு இரண்டு பக்கம்

பெர்கன் நகரத்துப் பகல் மழை சன்னலில் வழிந்துகொண்டே இருக்கிறது. மூன்றாம் மாடி வீட்டில் விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் தோர்லைஃப் அணைத்துவிட்டான். நிறுத்திவைத்த ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் கசிந்து வருகிறது. பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிவைத்து, மின்சாரத்தோடு சேர்ந்து வரும் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எதிர்ச்சுவரோரம் அவன் மனைவி சுன்னிவா பிளக்கைப் பிடித்தபடி மண்டியிட்டிருக்கிறாள், மழைக்கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. அவளுடைய இரண்டு பெட்டிகளும் வாசற்கதவருகே நிற்கின்றன. ஸ்டீரியோவுக்குப் புதிதாக எது வாங்கினாலும் பதினெட்டு வருஷமாக இப்படித்தான்: எந்தப் பக்கமாகவும் செருக முடிகிற அந்த ஊர் இரண்டு முள் பிளக்கை ஒருவர் திருப்பித் திருப்பிச் செருக, எந்தப் பக்கத்தில் இரைச்சல் குறைகிறது என்று மற்றவர் கேட்டுச் சொல்ல வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. இதை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று அவன்தான் கேட்டான்.

“இப்போ?”

“கொய்ங்னு இருக்கு. திருப்பிப் போடு.”

அவள் திருப்பிச் செருகுகிறாள். இரைச்சல் அடங்கிவிடுகிறது. இந்த வீடு ஒருநாளும் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததில்லை. அவளுடைய மூச்சு கேட்கிறது, கோட்டுக் கை சுவரில் உரசுவது கேட்கிறது.

“இப்போ?”

“அப்படியேதான் இருக்கு. இன்னொரு வாட்டி திருப்பேன்.”

அவள் கை பிளக்கின் மேலேயே இருக்கிறது. “போதும்ப்பா, தோர்லைஃப். இதுக்கு இருக்கிறதே ரெண்டு பக்கம்தான்.”

எழுந்து, சாவியை மேசைமேல் வைக்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. காதைத் துணியிலிருந்து எடுக்காமலே இருக்கிறான். மூன்று மாடிப் படிகள். பெட்டிகள் ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு இறங்குகின்றன. அந்தச் சத்தத்தை அமுக்க வீட்டில் ஒரு சத்தத்தைக்கூட அவன் மிச்சம் வைக்கவில்லை.