அமரர் அந்தோணிராஜின் தவணைகள்

ரீனா ரோஜா மாலையோடு வாசலில் வந்து நின்றபோது, இறந்துபோன அந்தோணிராஜ் உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

முந்தின நாள் தன் சாவை அறிவித்ததும் அவர்தான். கடன் வசூல் கம்பெனியிலிருந்து ரீனா போன் செய்ததும் குரலை மாற்றி, "அண்ணன் காலைல தவறிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டார்.

"அடக்கம் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டாள் அவள்.

அங்கேதான் தொழில் காட்டிக்கொடுத்தது. அந்தோணிராஜ் மைக்செட்காரர். ஆட்டோவில் குழாய் கட்டி, திண்டுக்கல் தெருவெல்லாம் இறப்புச் செய்தி சொல்லிப் பழகிய வாய். "நாளை காலை பத்து மணிக்கு, அன்னாரது இல்லத்திலிருந்து..." என்று ராகம் போட்டு முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது ரீனா அவரையும் தட்டையும் பார்த்தாள். "சாப்புடுங்கண்ணே. நான் செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

'செத்த' என்ற சொல் இட்லியோடு சேர்ந்து அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டது. மனைவி புஷ்பமேரி மாலையை வாங்கி மாதா படத்துக்குப் போட்டாள்.

கடன் ஒன்றும் கஞ்சிக்கு வாங்கியதில்லை. எதிர்வீட்டில் பெரிய டிவி வந்தது என்று அதைவிடப் பெரிய டிவி. திருவிழாவில் கேட்கிறவன் நெஞ்சு அதிர வேண்டும் என்று இரண்டு ராட்சச ஸ்பீக்கர். அந்தத் தவணைக்கு செல்போன் ஆப்பில் கடன், ஆப் கடனுக்குக் கிரெடிட் கார்டு. கடைசியில் அதிர்ந்தது அவர் நெஞ்சுதான்.

அந்த வாரமே மகள் அறிவுச்செல்வியின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு பேங்குக்குப் போனார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அந்தோணிராஜைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பொண்ணு மார்க் நல்லா இருக்கு. அப்பா மார்க்தான் பத்தல. கடன் கட்டுற லட்சணத்துக்குப் போடுற சிபில் ஸ்கோர் பாதாளத்துல கெடக்கே!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிறபோதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு வருசம் மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குப் போறேம்ப்பா. அதுக்குள்ள நீங்க பாஸ் பண்ணிருங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்று அவராகவே ரீனாவுக்குப் போன் போட்டார். அந்த நம்பர் ஸ்விட்ச் ஆப் ஆகியிருந்தது. மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"மாசத்துக்கு ஒரு நம்பர்ல வாரியேம்மா! இனி அப்படியெல்லாம் ஏமாத்த வேணாம், எதுல கூப்ட்டாலும் எடுக்குறேன். பாதியக் கட்டி முடிச்சுக்கலாம்னு ஒரு ஆபர் வந்திருக்கு. கட்டிரவா?"

நம்பரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கமே போயிராதீங்கண்ணே. பாதிக்கு முடிச்சா, முழுசாக் கட்டலன்னு ரெக்கார்டுல நின்னுரும். பேங்க்காரன் அதத்தான் மொதல்ல பாப்பான். சின்னக் கடன ஒவ்வொண்ணாக் கட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் பாக்கி இல்லன்னு சர்டிபிகேட் வாங்கிக்கங்க. புதுசா எங்கயும் கேட்டுறாதீங்க."

வசூலுக்கு வந்தவள் வாத்தியாராகிவிட்டாள். அந்தோணிராஜும் அடங்கிய மாணவனாகிவிட்டார். ஸ்பீக்கர் இரண்டும் வத்தலக்குண்டுக்காரர் ஒருவரிடம் விலைக்குப் போயின. டிவி எதிர்வீட்டுக்கே போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீர் கேட்கிற சாக்கில் போய்த் தன் டிவியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

எந்த வேலை வந்தாலும் ஆட்டோவில் ஏறினார். ஒருமுறை புதிதாகத் திறந்த நிதி நிறுவனத்துக்கு அறிவிப்புச் செய்யக் கூப்பிட்டார்கள். "உடனடிக் கடன்! எளிய தவணை! தவறவிடாதீர்கள்!" என்று நாகல்நகர் முழுக்கக் கத்திக்கொண்டு போனார். 'ஏமாந்துராதீங்க மக்களே' என்று நுனிநாக்கு வரை வந்ததை, கூலியை நினைத்து விழுங்கினார்.

வருடம் முடியுமுன் பாக்கியெல்லாம் தீர்ந்தது. மேனேஜர் மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்தமுறை, "உக்காருங்க அந்தோணிராஜ்" என்றார். கடன் கிடைத்து அறிவுச்செல்வி கல்லூரிக்குப் போனாள். வெள்ளைக் கோட்டோடு அவள் அனுப்பிய போட்டோவை ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் காட்டினார்.

நன்றி சொல்ல ரீனாவைத் தேடினார். அவள் கூப்பிட்ட நம்பர்களில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

ஒரு மத்தியானம் அவளே வந்தாள். "வண்டிய உள்ள விட்டுக்கிறேண்ணே" என்று ஸ்கூட்டியைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, தெருவை ஒருதரம் பார்த்துக் கேட்டைச் சாத்தினாள். நல்ல வெயில், வண்டி காயக்கூடாதென்று நினைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டார்.

"ஸ்கோர் எழுநூறத் தாண்டிருச்சும்மா! அம்புட்டும் ஒன்னாலதான்" என்றார் அந்தோணிராஜ். புஷ்பமேரி காப்பியோடு வந்தாள்.

ரீனா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "இனி எந்த பேங்க்லயும் ஒங்க பேரச் சொன்னா மறுக்க மாட்டாங்கல்லண்ணே?"

"மறுக்குறதா? பேரக் கேட்டதுமே நாற்காலி போடுறாய்ங்க!" அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ரீனா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப என் கடன அடைக்க ஒரு ஜாமீன் கையெழுத்துப் போடுவீங்களாண்ணே?"