மூன்றாவது கை

“தொடாதீங்க சார்!”

ஜெபஷீலா போட்ட சத்தத்தில், மேஜைக்கு நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார் சசிதரன்.

சின்னமனூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கும் கடை அவளுடையது. மேஜை மேல் இருந்தது சசிதரனின் திராட்சைத் தோட்டத்து ஸ்டார்ட்டர் கார்டு, சிப்பு பதித்த சின்ன மின்னணுப் பலகை. அது உயிரோடு இருந்தால்தான் மோட்டார் ஓடும். நாலு நாளாகத் தண்ணீர் இல்லாமல் பிஞ்சுக் கொத்தெல்லாம் வாடிக் கிடந்தது.

“என் கார்டை நான் தொடக்கூடாதாம்மா?”

“முந்தாநாள் தொட்டீகள்ல? சரி பண்ணி வச்ச கார்டு உங்க கையிலயே செத்துச்சு. இப்பக் கைவசம் இருக்கறது இந்த ஒரே சிப்புதான். இதுவும் போச்சுன்னா, கோயமுத்தூர்ல இருந்து வர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள திராட்சைய மறந்துர வேண்டியதுதான்.”

சசிதரன் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது பழக்கமில்லாத காரியம்.

ஜெபஷீலாவின் ஒரு கையில் சால்டரிங் ராடு, இன்னொரு கையில் சிப்பைப் பிடித்த இடுக்கி. கார்டை ஆடாமல் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருந்தது. வாசலில் நின்ற சுருளியாண்டியைக் கூப்பிட்டாள். சசிதரனின் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். பருத்தி வேட்டி, மேலே ஒரு துண்டு, வெறுங்கால்.

“அண்ணே, இங்கன வந்து இந்த ஓரத்தை லேசாப் பிடிங்க.”

சுருளியாண்டி முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, நான் தொட்டா ஆகாது, எங்கிட்ட வேலை பாக்குறவன் தொட்டா ஆகுமா? எந்த ஊரு நாயம் இது? நாலு பேரு கேட்டா என்ன நெனைப்பாக?”

“கோவிச்சுக்காதீங்க சார். நீங்க போட்டிருக்கறது பாலியஸ்டர் சட்டை. காலுல ரப்பர் செருப்பு. வெயில்லயும் காத்துலயும் வண்டியில வந்திருக்கீக. உடம்பு பூரா ஸ்டேட்டிக் கரண்ட் ஏறிக் கிடக்கு. அது உங்களுக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். அண்ணன் வெறுங்காலு. ஏறுனதெல்லாம் அப்பப்ப மண்ணுக்குள்ள எறங்கிரும்.”

தன் மணிக்கட்டில் மாட்டியிருந்த எர்த் வயரையும் ஆட்டிக் காட்டினாள்.

“என்னையவே பாருங்க, கட்டிப் போட்டிருக்கு.”

சசிதரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தன் பளபளா சட்டையைத் தடவிப் பார்த்துத் தானே சிரித்தார்.

“அதானா! நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். தொடாதேங்கற வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்மா. ஒரு மனுசனைப் பாத்து இன்னொரு மனுசன் அப்படிச் சொல்லலாமா? எவ்வளவு பெரிய பாவம்!”

பாவத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரமும் சுருளியாண்டி மூச்சை அடக்கிக்கொண்டு கார்டைப் பிடித்திருந்தார்.

சிப்பைப் பற்றவைத்துக் கரண்ட் கொடுத்ததும் கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

“பொழைச்சிருச்சு சார்!”

சசிதரன் வாயெல்லாம் பல்லாக நின்றார். ஜெபஷீலா டீ சொல்லிவிட்டாள். எதிர்க் கடைக்காரர் மூன்று கண்ணாடி கிளாசில் கொண்டுவந்து வைத்தார்.

சுருளியாண்டி ஒன்றை எடுக்கப் போனார். சசிதரன் டீக்கடைக்காரர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவனுக்கு எதுக்குப்பா கிளாசு? பேப்பர் கப்புல ஊத்திக் குடு. அவனுக்கு அதான் வழக்கம்.”

சுருளியாண்டி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஜெபஷீலா ஒரு கிளாசை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு சசிதரனைப் பார்த்துச் சிரித்தாள்.

“சிப்புதான் சார் தொட்டாக் கெட்டுப்போகும். கிளாசு கெட்டுப்போகாது.”