பத்தடி தள்ளி

"யோவ் டிரைவர், உனக்குக் கண்ணு கீதா, இல்லியா?"

வேதாசலம் சீட்டில் இருந்தபடியே கத்தினார். காலை எட்டேகால் பஸ். காவாந்தண்டலத்தில் ஏறி, உத்திரமேரூர் யூனியன் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மனுஷனுக்குத் தினமும் ரத்தக் கொதிப்பு வந்துவிடுகிறது.

காரணம், டிரைவர் வரதன்.

வழியில் கல்லுமேடு என்று ஓர் இடம். கை காட்டினால் பஸ் நிற்கும். அங்கே ஏறுகிறவள் ஒரே ஒருத்தி, செங்கேணி. முப்பது வயது இருக்கும். மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி ஒடிந்த காலுக்குக் கட்டுப் பிரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கை காட்டுகிறாள். வரதன் அவளைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்த்தான் பிரேக் போடுகிறான்.

அவள் காலை இழுத்து இழுத்து வந்து சேரும் வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இறங்கிப் போய் ஒரு கை கொடுக்கலாம் என்று கிளம்பிய கண்டக்டரையும் தடுத்துவிட்டான். கல்நெஞ்சக்காரன்!

"நொண்டிக்கினு வருதுய்யா. அதும் பக்கத்துல நிறுத்தினா இன்னா கொறஞ்சி பூடும்?"

"குந்துங்க சார். வண்டி கெளம்பும்."

அவ்வளவுதான் பதில். மறுநாள் இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினான். அதற்கு மறுநாள் இன்னும் பத்தடி. சொல்லச் சொல்ல அவனுக்குக் கொழுப்புதான் ஏறியது.

சந்தைக்குக் கத்திரிக்காய்க் கூடையோடு போகிற ஆண்டாளம்மாளுக்கும் பொறுக்கவில்லை.

"காலங்காத்தால இது பெரிய பேஜாராப் பூட்ச்சி. அந்தப் பொண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குது பாரேன்."

"அது இன்னாம்மா சொல்லும்? ஏதாவது கேட்டா நாளைக்கு ஏத்தாமப் பூடுவான்னு பயம். நாமதான் கேக்கணும்."

கேட்டார். செங்கேணி வியர்க்க விறுவிறுக்க ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் அவளுக்காக வரதனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கிற வேகத்தில், எழுந்து அவளுக்கு இடம் கொடுக்க மட்டும் தோன்றவில்லை.

நாற்பது நாள் ஆயிற்று. இப்போது பஸ் அரை பர்லாங்குக்கு மேல் தாண்டிப் போய் நின்றது. எல்லோருக்கும் லேட். வேதாசலத்துக்கு ஆபீசில் மேலதிகாரியின் முறைப்பு வேறு.

தெருவிளக்கு எரியவில்லையா, மனு. ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லையா, மனு. அப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? கார்பன் வைத்து மூன்று காப்பி எழுதினார். 'கால் ஊனமுற்ற ஏழைப் பெண்ணை நாள்தோறும் வதைத்து மகிழும் மேற்படி ஓட்டுநர்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம்! கல்லுமேடு வருவதற்குள் பஸ்ஸில் முப்பத்தெட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

"முதலாளிக்குப் போவுது. பாத்துக்கினே இரு," என்று வரதன் முகத்துக்கு நேரே காகிதத்தை ஆட்டினார்.

"போடறதப் போடுங்க சார்," என்று கியரை மாற்றினான் வரதன். திமிரைப் பாருங்கள்!

அடுத்த புதன்கிழமை வண்டியில் புது டிரைவர். வேதாசலம் முன்னால் போய் நின்று அவனுக்கு விவரமாக எடுத்துச் சொன்னார். பஸ் கல்லுமேட்டில், செங்கேணியின் காலடியில், படிக்கட்டு அவள் முழங்காலைத் தொடுகிற மாதிரி கச்சிதமாக நின்றது.

பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். செங்கேணி மட்டும் ஏறவில்லை.

"அந்த அண்ணன் எங்க?"

"இனிமே வர மாட்டான்மா. செங்கல்பட்டு ரூட்டுக்குத் தூக்கியாச்சு. உன்ன அவன் படுத்தின பாட்டப் பாத்துட்டு நான்தான் மனு எழுதிப் போட்டேன்."

ஒரு கும்பிடை எதிர்பார்த்தார்.

"யாரு சார் உன்னப் போடச் சொன்னது?"

செங்கேணி கம்பால் தன் காலைத் தட்டிக் காட்டினாள்.

"நடவுக்கு இன்னும் இருவது நாளுதான் கீது. கழனி வரைக்கும் நடந்து வந்தாதான் ஆளுங்களோட சேத்துக்குவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இல்லாங்காட்டி இப்ப மாதிரியே காலம் பூரா பஸ்ஸேறிப் போயி ரைஸ் மில்லுல குந்திக்கினு நொய் பொடைக்க வேண்டியதுதான்."

"அதுக்கு அவன் எதுக்கும்மா..."

"தானா நடன்னா இந்தக் காலு நடக்க மாட்டேங்குது சார். ரெண்டு தப்படி வெச்சா வலிக்குது, குந்திக்கிறேன். பஸ்ஸு பூடும்னு பயம் இருந்தாதான் நவுருது. தெனம் பத்தடி தள்ளி நிறுத்துண்ணா, நான் அழுதாலும் கிட்ட வராத, யாரையும் கை குடுக்க வுடாத, யாராண்டயும் சொல்லாதன்னு நான்தான் கெஞ்சினேன். மொதல்ல மாட்டவே மாட்டேன்னாரு. உங்க அத்தன பேராண்டயும் திட்டு வாங்கிக்கினு நாப்பது நாளா நிறுத்தினாரு சார் அந்த மனுசன்!"

ஆண்டாளம்மாள் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"ஏர்றியாம்மா, இல்லியா? டைம் ஆவுது."

செங்கேணி கம்பை ஊன்றி, படிக்கட்டைத் தாண்டி ரோட்டோடு நடக்க ஆரம்பித்தாள். நாலு தப்படி போய், திரும்பிப் பார்த்துக் கத்தினாள்:

"எயுதிப் போட்டவன் நீதானே சார்? நீயே இப்ப டிரைவராண்ட சொல்லு. நேத்து அந்த வேப்பமரத்தாண்ட நின்னுச்சி, இன்னிக்கு அத்தயும் தாண்டிப் போயி நிறுத்தச் சொல்லு!"