ஒன்பதாவது மாடியில் இரண்டு பெல்ட்டுகள்

“இடுப்பை மட்டும் பிடித்தால் போதுமா? விழுந்தால் முதுகெலும்பு என்ன ஆகும்?” காலையிலிருந்து இதே பாட்டுதான். ஒன்பதாவது மாடிச் சாரத்தில் பெயிண்டர் அருளப்பன் அணிந்திருந்த புது முழு உடல் பெல்ட், சாரக் கம்பியில் மாட்டிக் கிடந்த பழைய இடுப்பு பெல்ட்டை விடாமல் குடைந்தது.

“தோளுக்கொரு பட்டை, தொடைக்கொரு பட்டை, கல்யாணப் பெண் கெட்டாள் போ! மினுக்கினது போதும்டி,” என்றது பழசு. “நானாவது கம்பியைப் பிடித்திருக்கிறேன். உன் கொக்கி எங்கே?”

புதுசு குனிந்து பார்த்தது. கொக்கி அதன் மார்பு வளையத்திலேயே ஜம்மென்று மாட்டியிருந்தது. கீழேயிருந்து மேஸ்திரி எடுக்கும் போட்டோவுக்கு அவ்வளவு போதுமாம்.

அருளப்பன் ஏதோ சினிமாப் பாட்டின் இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டே, மூலையில் பெயிண்ட் விட்டுப்போன இடத்துக்கு எட்டிக் கை நீட்டினார். பலகை ஆடியது.

கொக்கி கத்தியது: “அண்ணே, உங்களைத்தான்! பாட்டை நிறுத்திவிட்டு, என்னைக் கழற்றித் தலைக்கு மேலே இருக்கிற கயிற்றில் மாட்டுங்கண்ணே!”