அம்மா மீன் சாப்பிட்ட நாள்

எஸ்தர் சித்தியும் சித்தப்பாவும் கோமுகி அணைக்கரையில் மீன் கடை வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் எதிரே தண்ணீருக்குள் கல்வராயன் மலை தலைகீழாகத் தெரியும். விடுதியிலிருந்து என்னை அழைத்துவந்த அம்மா நேராக அங்கேதான் கூட்டிப்போனாள்.

"வூட்டுக்குப் போவலியாம்மா?"

"மொதல்ல சாப்புடு."

சித்தி விரால் குழம்பு ஊற்றினாள்.

"இன்னா சித்தி, எனக்கு மட்டும் துண்டு ஜாஸ்தியா இருக்கு?"

"தின்னுடி. ஆஸ்டல்ல எலும்பாப் போயிட்ட."

"அம்மா சாப்புட்டாதான் நான் சாப்புடுவேன்" என்று வம்புக்குச் சொன்னேன்.

அப்பா குவைத்துக்குப் போன அன்று, அவர் திரும்பி வரும்வரை மீன் தொடுவதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள் அம்மா. மூன்று வருடமாகக் குழம்பைக்கூட ருசி பார்த்ததில்லை.

அம்மா என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள்.

"அப்பா வராரா?" என்று துள்ளினேன்.

"வந்துகினு இருக்காரு. ஏர்போர்ட்ல இருந்து வண்டி கெளம்பிடுச்சி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சாப்புட மாட்ட."

சந்தோஷத்தில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பாவுக்கும் வறுவல் கட்டித்தரச் சொன்னேன். சித்தி உள்ளே போனாள்.

நான் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"புள்ள வயிறு நெறஞ்சிடுச்சிக்கா. இப்பவாவது சொல்லிடு. ஆம்புலன்ஸ் தியாகதுருகம் தாண்டிடுச்சாம்."