மாவு நின்ற இடம்

முயலைக் காணவில்லை.

முயல் என்றால் என் கணவர் டென்சில். எங்கள் ஊர் ஓட்டக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முயல் உண்டு. அது ஒரு பை மாவோடு முன்னால் ஓடும். வழியெல்லாம் ஒவ்வொரு பிடியாகப் போட்டுக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் விட்டு, மாவைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் துரத்துவோம். பப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பிடிபட்டால், முயல் தன் ஷூவில் பியர் ஊற்றிக் குடிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் வயதானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு மாவு ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி, தேவாலயத்து மதிலோரமாக வந்து, பழைய மாளிகையின் தோட்டத்துக்குள் நுழைந்தது. லண்டன்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ரோஜாப் பாத்திகளைச் சுற்றியது. பிறகு புல்வெளியில் சட்டென்று நின்றுவிட்டது.

"பொய்த் தடம்!" என்று கத்தினார் எங்கள் கூட்டத்துப் பெரிய வாய், பேசில். "நம்மள நல்லா ஏமாத்திட்டான்யா! திரும்புங்க, திரும்புங்க!"

மாவு நின்றால் பொய்த் தடம். வந்த வழியே திரும்பி வேறு தடம் தேட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு விதி என்றால் விதிதான். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏரிக்கரைப் பக்கம் ஓடினார்கள்.

நான் ஓடவில்லை.

மார்ச் மாதம் டென்சிலின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக ஓடலாம் என்றார் டாக்டர். அந்த 'மெதுவாக' இவர் காதில் விழவே இல்லை. என் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் சண்டை. இன்று காலையும் வாசல்வரை போய், "போ, எங்கயாவது போய் விழுந்து கிட" என்று சொல்லிவிட்டேன்.

கடைசி மாவு ஒரு பிடியாகக் குவிந்திருக்கவில்லை. இழுபட்டு, புல்வெளியின் விளிம்பைப் பார்த்து நீண்டிருந்தது.

அந்த விளிம்பு பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஆடுகள் தோட்டத்துக்குள் வராமல் இருக்க அந்தக் காலத்துப் பிரபு அங்கே பள்ளம் வெட்டி, தோட்டத்துப் பக்கம் தரைமட்டம் வரைக்கும் மட்டும் சுவர் எழுப்பிவிட்டார். ஜன்னலிலிருந்து பார்க்கும்போது வேலி எதுவும் கண்ணை உறுத்தக் கூடாதாம். பார்க்க அழகுதான். விழுந்தால் ஓர் ஆள் ஆழம்.

"டென்சில்!"

மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று முனகிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தேன். கீழே காஞ்சொறிச் செடி அடர்ந்து மண்டிக் கிடந்தது.

அங்கேயே புல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நீ முழுசா வந்து சேரு டென்சில்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "இனிமே ஓடாதேன்னு வாயத் திறக்க மாட்டேன்."

பள்ளம் பேசவில்லை.

"காலையில சொன்னது கோவத்துல சொன்னது. அதப் போய் மனசுல வச்சுக்காதே."

அதற்கும் பள்ளம் மசியவில்லை.

அடுத்ததைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. டென்சிலின் அக்கா மேவிஸ், அவர்கள் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அத்தனை பேர் நடுவில் என் பழக் கேக்கைக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டாள். அன்றோடு அவளுக்கு என் வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. இவர் அவளைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் பார்த்துவிட்டு வந்து, நூலகத்துக்குப் போனேன் என்பார். என்ன புத்தகம் என்று நானும் கேட்பேன்.

"மேவிஸ கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லுவோம். நானே ஃபோன் பண்ணிக் கூப்பிடறேன்."

பள்ளம் தும்மியது.

செடிகளை விலக்கிக்கொண்டு டென்சில் எழுந்தார். மீசை, புருவம் எல்லாம் மாவு. காஞ்சொறி பட்ட முழங்கால்கள் தடித்துச் சிவந்திருந்தன.

"ஒண்ணும் ஆகல ஹெஸ்டர். கால் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்."

"கூப்பிட்டேனே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"முயல் சத்தம் போடலாமா? பிடிச்சிட மாட்டீங்க?"

சுவரில் பதித்திருந்த கல் படிகளில், மூச்சுகூட வாங்காமல் ஏறி வந்தார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். மாவு புகையாய்க் கிளம்பியது. பிறகு அந்த மாவு மூஞ்சியை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவர் நெஞ்சு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

பப்பை நோக்கி நடக்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

"நீ முதல் தடவ கூப்பிட்டப்பவே கேட்டுச்சு ஹெஸ்டர். அப்புறம் நீ பேச ஆரம்பிச்சிட்ட. குறுக்க பேச மனசு வரல."

"திருட்டு முயலே," என்றேன்.

தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பள்ளத்தில் நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

எட்டிப் பார்த்தபோதே இலைகளுக்கு நடுவில் ஒரு கால் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, சத்தமில்லாமல், உள்ளே போய் ஒளிந்துகொண்டது. உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில்தான் நான் அப்படி உட்கார்ந்துவிட்டேன். முகத்தை மூடியது சிரிப்பை அடக்க.

மேவிஸோடு சமாதானமாகிவிட வேண்டும் என்று எனக்குப் பல நாளாகவே ஆசை. டென்சிலின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று நல்லவேளையாக முகம் தெரியவில்லை.